பவளத் தொட்டியில் மண்டும் பாசி, மண்டும் பவளம்: கேள்வி பதில்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆரம்பித்து எனக்குப் பதினாறு வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் ஓடுவது 400 லிட்டர் தொட்டி. பாசி, ஐப்டாசியா என்ற தொல்லைக் கடற்சாமந்தி, அடங்காமல் படரும் பவளம் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, தொட்டி வைத்து ஐந்து மாதம். பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி, ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் சோதித்தால் நைட்ரேட்டும் சைபர், பாஸ்பேட்டும் சைபர். சத்தே இல்லாமல் எப்படி வளர்கிறது?

சத்து இருக்கிறது தம்பி. டெஸ்ட் கிட் காட்டுவது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்தான். மீன் கழிவிலிருந்தும் தீனியிலிருந்தும் வருவதைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கிறது. காலித் தட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாதல்லவா, அதே கதைதான்.

முதல் வேலை, கையால் பிடுங்குவது. பிடுங்கிய பாசியோடு அது உறிஞ்சி வைத்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெளியே போகும். மருந்து போட்டுக் கொன்றால் பாசி உள்ளேயே அழுகி, எல்லாம் திரும்பவும் தண்ணீரில்தான் கலக்கும். நான் செய்வதைச் சொல்கிறேன். பம்புகளை நிறுத்திவிட்டு, விரல் பருமன் சைஃபன் குழாயின் வாயில் ஒரு பல் துலக்கும் பிரஷை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவேன். பிரஷின் தலை குழாய் வாயைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் பிரஷைப் பாசியில் வைத்து ஒரே பக்கமாகத் திருகினால், முடி சிக்கெடுப்பது போலச் சுருண்டு வரும். பாறையைப் பிடித்திருக்கும் அடி விடும்போது கையில் லேசாக ஒரு தளர்ச்சி தெரியும், அதுவரை இழுக்க வேண்டாம். பிய்ந்த துணுக்குகள் மிதந்து வேறு பாறைக்குப் போகாமல் குழாய் இழுத்துக்கொள்ளும். இரண்டு வாளி நிறைந்ததும் நிறுத்திவிடுவேன். அந்த வாரத்துக்கான தண்ணீர் மாற்றமும் அதோடு முடிந்தது. ஒரே நாளில் தொட்டி முழுவதையும் சுரண்டாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பாறை போதும்.

நத்தைகளை இதற்குப் பிறகு விடுங்கள். நீண்ட பாசியைப் பெரும்பாலான நத்தைகள் சீந்தாது, கட்டையாக நறுக்கிவிட்ட இடத்தைத்தான் மேயும். எனக்குப் பிடித்தது ட்ரோக்கஸ் நத்தை. கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். டர்போ நத்தை நன்றாகத் தின்னும், ஆனால் ஒட்டாத பவளத்தையெல்லாம் தள்ளிவிடும்.

அப்புறம் சத்து எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். ஆவியான தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் ஆர்.ஓ. டி.ஐ. (உப்பெல்லாம் நீக்கி வடிகட்டிய) தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) சைபராக இருக்கிறதா பாருங்கள். 3, 4 காட்டினாலே டி.ஐ. ரெசினை மாற்றும் நேரம். உறைந்த தீனியை அப்படியே போடாமல், சல்லடையில் கரைத்து வடித்துவிட்டுப் போடுங்கள். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். பழைய தொட்டியிலிருந்து வந்த பாறை என்றால் இன்னும் கூடுதலாக ஆகும், ஏனென்றால் பாறைக்குள் தங்கிய பாஸ்பேட் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பாஸ்பேட் 0.4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) இருந்தது. அதை உறிஞ்சும் ஊடகத்தை அளவுக்குத் தக்கபடி முழுதாகப் போட்டேன். நான்கு நாளில் 0.02க்கு வந்தது. பாசி அப்படியே இருக்கிறது, அக்ரோபோரா பவளம் அடியிலிருந்து தோல் உரிகிறது. ஏன்?

வேகம்தான் காரணம். பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிக்கும் பாஸ்பேட் தேவை. 0.4க்குப் பழகிய பவளத்திடமிருந்து நான்கு நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால் தாங்காது. ஊடகத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். அடுத்த முறை கால் பங்கு அளவில் ஆரம்பித்து, வாரம் ஒரு முறை சோதித்து, மாதக் கணக்கில் இறக்குங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருந்தால் போதும். சைபரைத் துரத்த வேண்டாம். அதைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கேள்வியே உதாரணம்.

கேள்வி: சார், மணல் மேலும் பவளக் கிளைகள் மேலும் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி படிகிறது, நுனியில் காற்றுக் குமிழ்கள். காலையில் குறைவு, மாலையில் மறுபடி முழுக்க மூடிவிடுகிறது. நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தண்ணீரை மாற்ற மாற்ற அதிகமாகிறது.

டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரி. நாம் சுருக்கமாக டைனோ என்போமே, அதுதான் என்று நினைக்கிறேன். உறுதி செய்ய ஒரு வழி: கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்னக் குப்பியில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடித்து, அந்தத் தெளிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். தெளிவாக இருந்த தண்ணீரில் மறுபடி இழை இழையாகச் சேர்ந்து கட்டிக்கொண்டால் டைனோதான். சாதாரண டயாட்டம் பாசி அப்படிச் சேராது.

ஏழு வருடம் முன்பு எனக்கும் வந்தது. முடிப்பாசி மேல் இருந்த கோபத்தில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இரண்டு மாதம் சைபரில் வைத்திருந்தேன். முடிப்பாசி போனது, அந்தக் காலியிடத்துக்கு டைனோ வந்தது. போட்டிக்கு ஆள் இல்லாத தொட்டி அதற்கு வசதி. நத்தைகள் எல்லாம் போயின, ஆறு வருடம் வளர்த்த ஒரு ஸ்டைலோஃபோரா பவளமும் போனது. அந்த வெள்ளை எலும்புக்கூட்டை வெளியே எடுத்த நாள் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். பாஸ்பேட் ஊடகம், வோட்கா, வினிகர் ஊற்றிச் சத்தைக் குறைக்கும் கார்பன் டோசிங் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நைட்ரேட் 5க்கு மேலும் பாஸ்பேட் 0.05க்கு மேலும் கண்ணில் படும்படி ஏற்றுங்கள், வேண்டுமானால் தனியாக டோஸ் செய்தே ஏற்றலாம். ஒரு சின்ன மைக்ராஸ்கோப் கிடைத்தால் இனத்தைப் பாருங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்றால் இரவில் தண்ணீருக்குள் எழும்பி மிதக்கும், அதனால் புற ஊதா (யு.வி.) விளக்கு நன்றாக வேலை செய்யும். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு எழும்பாது, அதற்கு யு.வி. வீண். சிலிகேட் டோஸ் செய்து டயாட்டத்தை வளர்த்து இடத்தைப் பிடிக்க வைப்பதுதான் வழி. எதுவானாலும் வாரங்கள் பிடிக்கும்.

கேள்வி: சிவப்பு விரிப்பு மாதிரி மணலில் படிகிறது, தூக்கினால் தோல் போலக் கழன்று வருகிறது.

சயனோபாக்டீரியா. சைஃபனால் உறிஞ்சி எடுங்கள், அந்த மூலைக்கு நீரோட்டம் போகும்படி பவர்ஹெட்டைத் திருப்புங்கள், நைட்ரேட் சைபரில் கிடந்தால் ஏற்றுங்கள். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த நாட்களில் காற்றுக்கல் ஓடட்டும். அது செத்து அழுகும்போது ஆக்சிஜன் இறங்கும்.

கேள்வி: குமிழ்ப்பாசியை உடைத்தால் தொட்டி முழுக்கப் பரவிவிடும் என்கிறார்கள், உண்மையா?

உடைக்காமல் எடுப்பது நல்லது. ஒன்றிரண்டு உடைந்தால் பயப்படவும் வேண்டாம், சைஃபன் வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நகத்தால் அடியோடு நெம்புங்கள். பாறையை வெளியே எடுக்க முடிந்தால் அதைவிட எளிது. மிச்சத்தை எமரால்டு நண்டு பார்த்துக்கொள்ளும். சில எமரால்டு நண்டுகள் குமிழைத் திரும்பியே பார்க்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னுடைய முடிப்பாசி மயிலிறகு போலக் கிளைத்திருக்கிறது. நத்தை, கடல் முள்ளெலி எதுவும் தொடுவதில்லை.

பிரையாப்சிஸ். சத்தைக் குறைத்தும் லேசில் போகாது. ஃப்ளூகோனசோல் மருந்தை லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கில் போட்டு, வடிகட்டியில் போட்டிருக்கும் கார்பனை (மருந்தை உறிஞ்சிவிடும் கரி) எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருப்பதுதான் பலருக்கும் பலித்த வழி. சாகும் பாசியை அவ்வப்போது சைஃபனால் எடுங்கள்.

கேள்வி: ஐப்டாசியா ஒன்று இருந்தது. பிளேடால் வெட்டி எறிந்தேன். ஒரே மாதத்தில் பத்து.

வெட்டவே கூடாது. அந்தச் சின்னக் கடற்சாமந்தியின் அடியிலிருந்து பிய்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் புது ஐப்டாசியா ஆகும். பத்துதான் என்றால் சுண்ணாம்புப் பசை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடை, கெட்டியாகக் குழைத்து ஊசியால் வாய் மேல் மெதுவாக விடுங்கள். வேகமாகப் போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பம்பு நின்றிருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம், பி.எச். ஏறும்.

நிறைய என்றால் ஐப்டாசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால். வாங்கும்போது கவனம், கேமல் இறாலை அந்தப் பெயரில் கொடுத்துவிடுவார்கள். அதன் முதுகில் கூன் நன்றாகத் தெரியும், சிவப்புக் கோடுகளுக்கு நடுவே பளிச்சென்று வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும். அது பவளத்தையே தின்னும். பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தைக்கு ஐப்டாசியாவைத் தவிர வேறு தீனியே கிடையாது. அதனால் வேலை முடிந்ததும் பட்டினியில் விடாமல், தேவைப்படும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, என் பிரச்சினை பாசி இல்லை. கிரீன் ஸ்டார் பாலிப் பவளத்தை ஆசையாக வைத்தேன், இப்போது பாதிப் பாறை அதுதான். மேலே மான்டிபோரா பவளம் தட்டாக விரிந்து கீழே இருப்பதெல்லாம் நிழலில். வெட்ட மனசு வரவில்லை.

எனக்கும் முதலில் வரவில்லை. ஆனால் அந்தத் தட்டுக்குக் கீழே குனிந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சமும் நீரோட்டமும் போகாத இடத்தில் தட்டின் அடிப்பக்கமே வெளுத்திருக்கும், அழுக்கு படிந்து சயனோ ஆரம்பித்திருக்கும். வெட்டினால் மிச்சமிருப்பது பிழைக்கும்.

மான்டிபோராவை விளிம்பிலிருந்து கையாலேயே உடைக்கலாம், மெல்லிய பீங்கான் போல டிக்கென்று உடையும். துண்டுகளைச் சூப்பர் குளூ ஜெல்லில் ஒட்டி நண்பர்களுக்குக் கொடுங்கள். கிரீன் ஸ்டார் அப்படி இல்லை, அதன் ஊதா நிறப் பாய் பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும். கண்ணாடியில் என்றால் பிளேடால் உரித்து எடுக்கலாம். பாறையில் என்றால் அந்த இடத்தை உளியால் ஒரு சில்லு பெயர்த்தால்தான் முடியும், ஓரத்தில் விட்ட கொஞ்சம் பாயிலிருந்தே மறுபடி கிளம்பும். ஜீனியா பவளமும் அப்படித்தான், இழுத்தால் தண்டு வரும், பாதம் பாறையிலேயே நிற்கும். இனிமேல் இந்த மாதிரிப் படரும் ஜாதிகளை மணலுக்கு நடுவே தனிப் பாறையில், சுற்றிலும் இடைவெளி விட்டு வையுங்கள்.

வெட்டிய அன்று புதுக் கார்பன் போடுங்கள், காயப்பட்ட பவளம் நிறையச் சளியை விடும். இன்னொரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய கல் பவளத்தை எடுத்துவிட்டால் ஆல்கலினிட்டி (பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட் இருப்பு) செலவாவது குறையும், டோசிங் பம்ப் மட்டும் பழைய கணக்கில் ஊற்றிக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை பெரிய கொத்து ஒன்றை எடுத்துவிட்டு அதைக் கவனிக்கவில்லை. 8.5 டி.கே.எச். (ஆல்கலினிட்டியின் அலகு) இருந்தது சில நாளில் 11ஐத் தொட்டது, அக்ரோபோரா நுனியெல்லாம் கருகியது. வெட்டிய பிறகு ஒரு வாரம் தினமும் சோதித்து டோஸைக் குறையுங்கள்.

கேள்வி: சோவான்தஸ் பவளம் படர்ந்த பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. தயவு செய்து செய்யாதீர்கள். சோவான்தஸிலும், அதைவிட அதிகமாகப் பாலிதோவாவிலும், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். சூட்டில் லேசில் அழியாது. ஆவியோடு வந்து மூச்சில் ஏறும். பாறையைக் கொதிக்க வைத்துவிட்டுக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வெளியே எடுத்துப் பிரஷால் தேய்ப்பதும் ஆபத்துதான், தெறிக்கும் சாறு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பாலிப்பை அறுக்காமல் அடியில் உள்ள பாறைச் சில்லோடு பெயர்த்தெடுங்கள். குழந்தைகளும் நாயும் பூனையும் அந்த அறையில் வேண்டாம். வேலைக்குப் பிறகு மூச்சுத் திணறல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை, தசை வலி எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போய் பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால்தான் அவருக்குப் புரியும்.

கேள்வி: தினமும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

தினமும் வெப்பநிலை மட்டும், 25 - 26 டிகிரி. வாரம் ஒரு முறை ஆல்கலினிட்டி 8 - 9 டி.கே.எச்., நைட்ரேட், பாஸ்பேட், உப்புத்தன்மை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு). மாதம் ஒரு முறை கால்சியம் 400 - 450 பி.பி.எம்., மெக்னீசியம் 1300 பி.பி.எம். பக்கம். உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. கரைசல் வைத்துச் சரிபாருங்கள், வெறும் தண்ணீரில் சரிபார்ப்பது போதாது.

கேள்வி: சம்ப்பில் (கீழே உள்ள துணைத் தொட்டியில்) பாசி வளர்த்தால் மேல் தொட்டியில் குறையும் என்றார்கள். காலர்ப்பா வைக்கலாமா, கீட்டோவா?

கீட்டோ வையுங்கள். பந்து பந்தாகத் தனியாக மிதக்கும், பாதியைக் கையால் அள்ளி எடுத்துவிடலாம். மேல் விளக்கு அணையும் நேரத்தில் கீழ் விளக்கு எரியட்டும், இரவில் பி.எச். இறங்குவதும் குறையும். காலர்ப்பா பாறையில் வேர் போலப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் ஒரே இரவில் வித்துகளை விட்டுவிட்டு மொத்தமாக வெளுத்துச் செத்துப்போய்த் தொட்டியைக் கலக்கிவிடும்.

ஏற்கெனவே காலர்ப்பா வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். எடுத்ததை ஓடையிலோ கடலிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். 1984இல் மொனாக்கோ கரையோரம் சிறு திட்டாகத் தெரிந்த காலர்ப்பா டாக்ஸிஃபோலியா மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் படர்ந்தது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு உப்பங்கழியில் அதே பாசி வந்தபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி அழித்து, ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. பவளத் துண்டு, பாறை, மணல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். காலர்ப்பாவை மட்டும் காயவைப்பதற்கு முன் ஒரு பையில் கட்டி ஒரு நாள் உறைபெட்டியில் வையுங்கள், ஒரு சென்டிமீட்டர் துண்டிலிருந்தும் அது திரும்பக் கிளம்பும்.