ஒரு கிலோ நீராவியைக் குளிர்விக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சருக்குள் 10 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், உலர்வுப் பின்னம் 0.90 உடன் (அதாவது எடையில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாக) நுழையும் ஒவ்வொரு கிலோ நீராவிக்கும் எவ்வளவு குளிர்நீர் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டென்சரில் இயந்திர வேலை எதுவும் நடைபெறுவதில்லை. வெளிச்சூழலுக்குக் கசியும் வெப்பத்தையும் புறக்கணிக்கலாம் என்பதால், நீராவி இழக்கும் வெப்பம் முழுவதையும் குளிர்நீரே ஏற்கிறது. இந்த அழுத்தத்தில் கொதிநிலை ஏறத்தாழ 45.8 பாகை செல்சியஸ், உள்ளுறை வெப்பம் (ஒரு கிலோ ஆவி முழுதும் நீராகும்போது வெளிவிடும் வெப்பம்) 2392 கிலோஜூல். பலரும் தவறுவது இங்கேதான்: டர்பைனிலிருந்து வரும் ஆவியில் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே நீராக இருப்பதால், வெளியேறும் வெப்பம் 0.90 × 2392, அதாவது 2153 கிலோஜூல் மட்டுமே.

குளிர்நீர் 30 பாகையில் நுழைந்து 40 பாகையில் வெளியேறினால், ஒவ்வொரு கிலோ நீரும், பாகைக்கு 4.18 கிலோஜூல் வீதம், 4.18 × 10 = 41.8 கிலோஜூலை ஏற்கும். ஆகவே தேவை 2153 ÷ 41.8, சுமார் 51.5 கிலோ. உலர்வுப் பின்னத்தை மறந்திருந்தால் 57 கிலோ என்று வந்திருக்கும்.

வெப்பநிலை உயர்வை 7 பாகைக்குள் கட்டுப்படுத்தினால் தேவை ஏறக்குறைய 74 கிலோவாகிவிடும். பம்பின் மின்செலவும் கூடும். உயர்வை விருப்பம்போல் கூட்டவும் முடியாது, ஏனெனில் வெளியேறும் நீர் 45.8 பாகையை நெருங்க நெருங்க, குழாய்களின் பரப்பளவு மிக அதிகமாகத் தேவைப்படும். சுருங்கிய நீர் கொதிநிலைக்குக் கீழே மூன்று பாகை குளிர்ந்தால் கூடுவது வெறும் 12.5 கிலோஜூல்தான், முதற்கணக்கில் அதை விட்டுவிடலாம்.