நர்ஸிங்குக்கு முன்னால் 17 யூனிட்

அன்புள்ள அக்கா,

நர்ஸான நீங்கள் எழுதும் மருத்துவமனைக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன். வயது 34. திருநெல்வேலியில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து பத்து வருடம். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. இந்த ஆகஸ்டில் அவளும் பள்ளிக்கூடம் போகிறாள். இத்தனை நாள் ஒத்திப்போட்ட நர்ஸிங் படிப்பை இனிமேலும் ஒத்திப்போட மனசில்லை. ஹெச்4 விசா (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது), ஈஏடி (வேலை செய்யும் அனுமதி) இருக்கிறது.

நர்ஸிங்கில் சேரும் முன் முடிக்க வேண்டிய பாடங்களுக்காகக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) சேர்ந்து, போன வருடம் இங்கிலீஷ், கெமிஸ்ட்ரி, அடிப்படை பயாலஜி மூன்றையும் முடித்தேன். எல்லாவற்றிலும் ஏ. மிச்சம் அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி. எங்கள் காலேஜில் அனாட்டமி முடித்த பிறகுதான் ஃபிசியாலஜி. அதனால் மற்ற நான்கையும் வருகிற ஃபாலில் (ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான செமஸ்டர்) சேர்த்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். மொத்தம் 17 யூனிட் (பாடச்சுமையை அளக்கும் கணக்கு). ஸ்பிரிங்கில் ஃபிசியாலஜி எடுத்தால் மே மாதத்தோடு எல்லாம் முடிந்துவிடும். என் கணவர் "உன்னால முடியும்" என்கிறார். கூடப் படிக்கிற பெண் "ரெண்டு லேப் சேர்த்து எடுக்காதே" என்கிறாள். வயது ஓடுகிறது அக்கா. என்ன செய்யட்டும்?

வாசகி, ஃப்ரீமாண்ட்

*

அன்புள்ள தங்கைக்கு,

17 யூனிட் வேண்டாம். ஃபாலில் அனாட்டமியும் சைக்காலஜியும் போதும், எட்டு யூனிட். உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கெமிஸ்ட்ரியில் ஏ வாங்கியவருக்கு இந்தப் பாடங்கள் புரியாமல் போகாது. எனக்குக் கவலையெல்லாம் நேரத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர நினைக்கும் நர்ஸிங் புரோகிராம் வருடத்துக்கு ஒரு தடவை ஆள் எடுக்கிறதா, இரண்டு தடவையா? விண்ணப்பம் எந்த மாதம் திறக்கிறது? விண்ணப்பிக்கும்போது எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டுமா, ஒன்றிரண்டு நடந்துகொண்டிருந்தால் ஏற்றுக்கொள்வார்களா? ஜனவரியில் மட்டும் விண்ணப்பம் திறக்கும் காலேஜ் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திட்டப்படி மே மாதம் முடித்துவிட்டு, அடுத்த ஜனவரி வரை சும்மா காத்திருப்பீர்கள். நான் சொல்கிறபடி இந்த ஃபாலில் அனாட்டமி, சைக்காலஜி, ஸ்பிரிங்கில் ஃபிசியாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அடுத்த ஃபாலில் மைக்ரோபயாலஜி என்று எடுத்தால் டிசம்பரில் முடிப்பீர்கள். விண்ணப்பிப்பது அதே ஜனவரியில்தான். அவசரப்பட்டு ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை. உங்கள் பகுதியிலேயே ஓலோன், சேபட், எவர்கிரீன் வேலி, டி ஆன்சா என்று நாலு காலேஜில் நர்ஸிங் இருக்கிறது. நாலின் தேதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏதாவது ஒன்றில் ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம் திறந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போதும் 17 யூனிட் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸை இந்தச் சம்மரிலேயே ஆன்லைனில் முடிக்கவும், ஸ்பிரிங்கில் ஃபிசியாலஜியோடு மைக்ரோபயாலஜியைச் சேர்ப்பது பற்றி யோசிக்கவும் சொல்வேன்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்பது காலேஜே வைத்திருக்கும் கணக்கு. 17 யூனிட்டுக்கு 51 மணி நேரம். உங்கள் கணவர் ஆபீசுக்குக் கொடுப்பதைவிட அதிகம். அதற்கு மேல்தான் சமையல், பிள்ளைகளைக் கொண்டு விடுவது, கூட்டி வருவது, சின்னவளுக்கு ஜுரம் என்று பள்ளியிலிருந்து வரும் போன். முதல் வருடம் பள்ளி போகிற குழந்தைக்கு எத்தனை தடவை ஜுரம் வரும் என்று பெரியவனை வளர்த்த உங்களுக்கே தெரியும்.

அதிலும் அனாட்டமி லேப் வீட்டுக்குக் கொண்டுவர முடியாத படிப்பு. உடம்பில் 206 எலும்பு என்று பள்ளியில் படித்தோம், அதோடு விட்டார்கள். இங்கே ஒவ்வொரு எலும்பிலும் உள்ள மேடு, பள்ளம், துளை எல்லாவற்றுக்கும் பெயர். மண்டையோட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் துளை துளையாக இருக்கும். எந்தத் துளை வழியாக எந்த நரம்பு போகிறது என்று கேட்பார்கள். லேப் தேர்வில் மேஜைக்கு மேஜை எலும்போ மாடலோ வைத்து, ஒரு இடத்தில் குண்டூசி குத்தியோ ஸ்டிக்கர் ஒட்டியோ வைத்திருப்பார்கள். ஒரு மேஜைக்கு ஒரு நிமிடம் போலத்தான் கிடைக்கும். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போகும். புத்தகத்துப் படத்தில் பார்த்த எலும்பு கையில் திரும்பி இருந்தால் அடையாளமே தெரியாது. லேப் திறந்திருக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்து, தொட்டு, திருப்பிப் பார்த்துப் படிக்க வேண்டும். அந்த நேரம் பாதி நாள் மதியம் மூன்று மணியாக இருக்கும், உங்கள் பிள்ளைகள் பள்ளி விடுகிற நேரம். திருநெல்வேலியில் தவளையும் கரப்பானும் அறுத்த கை உங்களுடையது, அது உதவும். ஆனால் நேரத்துக்கு அது ஈடாகாது.

இப்போது என் கதை. 2012ல் ஃபிசியாலஜியும் மைக்ரோபயாலஜியும் ஒரே செமஸ்டரில் எடுத்தேன். மகனுக்கு இரண்டு வயது. சாயங்காலம் ஒரு கடையில் வேலை. மைக்ரோபயாலஜி லேப் முடிவில் ஆளுக்கொரு குழாயில் பெயர் தெரியாத பாக்டீரியாவைக் கொடுத்து, அது எது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கிராம் சாயம் போட்டு ஊதாவா சிவப்பா என்று பார்ப்பதில் தொடங்கி, பல சோதனைகளில் அது வளர ஒரு நாள், இரண்டு நாள் வேண்டும். வளர்ந்ததை அந்தந்த நாளில் போய்ப் பார்க்க வேண்டும். அதே வாரம் ஃபிசியாலஜியில் சிறுநீரகப் பாடத் தேர்வு. மகனுக்குக் காதுவலி. இரண்டு நாள் லேபுக்குப் போகவில்லை. மைக்ரோபயாலஜியில் சி வந்தது.

சரி, திரும்ப எடுத்து ஏ வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். காலேஜ் கவுன்சிலர் முடியாது என்று தலையை ஆட்டினார். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் டி, எஃப் வாங்கினால் மறுபடி எடுக்கலாம். சி தேர்ச்சி என்பதால், கிரேடை உயர்த்த அதே பாடத்தைப் பொதுவாகத் திரும்ப எடுக்க விட மாட்டார்கள். ஒரு சி அப்படியே டிரான்ஸ்கிரிப்டில் (மார்க் பட்டியலில்) உட்கார்ந்துகொள்ளும். நர்ஸிங் சேர்க்கையில் பல காலேஜ்கள் அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றின் சராசரிக்குத்தான் புள்ளி போடுகின்றன. இரண்டு தடவை விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், மூன்றாவது தடவை கிடைத்தது. அவசரத்தில் ஒரு செமஸ்டரை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள். ஆரம்ப வாரங்களிலேயே தடுமாறினால், சென்சஸ் தேதிக்கு (காலேஜ் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள்) முன்னால் ட்ராப் செய்தால் டிரான்ஸ்கிரிப்டில் எதுவும் ஏறாது. அதற்குப் பிறகு விட்டால் டபிள்யூ, அதாவது பாடத்தை இடையில் விட்டதற்கான குறி. டபிள்யூ அழகில்லைதான், ஆனால் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. மூன்று தடவைக்கு மேல் ஒரு பாடத்தை எடுக்கப் பொதுவாக விடமாட்டார்கள் என்பதால் அதையும் தாராளமாகச் செலவழிக்க முடியாது. உங்கள் காலேஜ் தளத்தில் அந்தத் தேதிகளை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விசாவும் இதில் சாதகம். எஃப்1ல் (மாணவர் விசா) வந்திருந்தால் குறைந்தது 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும். ஹெச்4க்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உங்கள் தோழி சொல்வது சரிதான், ஆனால் அதற்காக ரொம்ப மெதுவாகவும் போகக் கூடாது. ஒவ்வொரு செமஸ்டரும் ஒரே ஒரு பாடம் என்று மூன்று நாலு வருடம் இழுத்தால் அனாட்டமியில் படித்தது ஃபிசியாலஜிக்கு வரும்போது மறந்திருக்கும். சயின்ஸ் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கும் காலேஜ்களும் உண்டு. அதோடு, நர்ஸிங்குக்குள் போய்விட்டால் எத்தனை பாடம் வேண்டும் என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அவர்கள் கொடுப்பதை அவர்கள் கொடுக்கும் வேகத்தில் எடுக்க வேண்டும்; விடியற்காலை கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி), மறுநாள் தேர்வு. அதனால்தான் ஸ்பிரிங்கில் ஃபிசியாலஜியோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸைச் சேர்க்கச் சொல்கிறேன். இரண்டு கனமான பாடத்தைச் சேர்த்து இழுக்கும்போது வீடு எப்படி இருக்கிறது என்று உங்கள் கணவரும் பிள்ளைகளும்கூடப் பார்க்கட்டும்.

ஃபிசியாலஜியை மட்டும் தயவுசெய்து மார்க்குக்காகப் படிக்காதீர்கள். லாசிக்ஸ் (சிறுநீரை அதிகமாக்கும் மருந்து) போகிற நோயாளிக்குச் சிறுநீரோடு பொட்டாசியமும் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு மானிட்டரில் இதயத்துடிப்பு மாறும்போது, காலையில் வந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்ததா என்று கை தானாகத் தேடிப் போக வேண்டும். நான் அந்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்து, பிறகு வார்டில் நின்றபடி மறுபடி கற்றுக்கொண்டவள். உங்களுக்கு அது நிம்மதியாக உட்கார்ந்து படிக்கக் கிடைக்கட்டும்.

அப்புறம், மைக்ரோபயாலஜி மட்டும் இருக்கும் அந்த அடுத்த ஃபாலில் கை கொஞ்சம் காலியாக இருக்கும். நர்ஸிங் சேர்க்கைக்கான டீஸ் (TEAS) தேர்வை அப்போது எழுதுங்கள். 170 கேள்வி; சயின்ஸ் பகுதியில் அனாட்டமி, ஃபிசியாலஜி நிறைய வரும், படித்த சூட்டோடு எழுதுவது நல்லது. பி.எஸ்சி. சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அந்தப் பழைய லேப் பாடங்களை இங்கே ஏற்றுக்கொள்வது அரிது, ஆனால் ஏற்கெனவே பட்டம் இருப்பதற்குப் புள்ளி கொடுக்கும் காலேஜ்கள் உண்டு. இங்கிலீஷ் அல்லாத இன்னொரு மொழி தெரிந்திருப்பதற்கும் சில இடங்களில் புள்ளி உண்டு, இந்திய மொழிகளும் அதில் சேரும். தமிழை எப்படி நிரூபிப்பது என்று விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

உங்கள் கணவர் "உன்னால முடியும்" என்று சொல்வது சந்தோஷம். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வாரத்தில் எந்த இரண்டு மதியம் அவர் பிள்ளைகளைக் கூட்டி வருவார்? அந்த இரண்டு நாளையும் லேப் திறந்திருக்கும் நேரத்தோடு பொருத்திப் பார்த்துவிட்டு, அனாட்டமியில் எந்த வகுப்பு என்று பதிவு செய்யுங்கள். முதல் லேப் தேர்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா