தனி ஆவர்த்தனத்தில் பாடகருக்கு என்ன வேலை?

"பெங்களூருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது, அக்கா. சேலத்தில் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்கினேன். இங்கே எட்டுப் பேரைச் சமாளிக்க முடியவில்லை. எதற்கெடுத்தாலும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், என்கிறார்கள். பொறுப்பில் இருப்பவன் எவ்வளவுதான் வளைந்து கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

நான் 2001இல் திருச்சியிலிருந்து வந்தவள். இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் மேற்பார்வை வேலை. ஊர் வழக்கப்படி காலை எட்டரைக்குக் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்து, தமிழ் தெரிந்த மூன்று பேரிடம் ரெண்டு ஜோக்கும் அடித்துவிட்டு வருவேன். மற்ற ஆறு பேர் தலையாட்டுவார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒன்றும் நான் சொன்னபடி நடந்திருக்காது. திமிர் பிடித்தவர்கள் என்று வீட்டில் வந்து புலம்புவேன்.

பெங்களூர் சாமராஜ்பேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகள் நடக்கும். 1939இல் தொடங்கிய வழக்கம். நான் பெங்களூர் வந்த அடுத்த வருஷம் ஒருநாள் போயிருந்தேன். பாடகர் கற்பனையாக ஸ்வரங்களைக் கோத்துப் பாடுகிற கல்பனாஸ்வரம் சூடு பிடிக்கிற நேரத்தில் வயலின்காரரின் மேல் தந்தி அறுந்துவிட்டது. பாடகர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுவரை மேல் ஸ்தாயியில் சுற்றிக்கொண்டிருந்தவர், சட்டென்று கீழே மந்திர ஸ்தாயிக்கு இறங்கி அங்கேயே ஸ்வரம் போட ஆரம்பித்தார். மிச்சமிருந்த மூன்று தந்தியை வைத்துக்கொண்டு வயலினும் கூடவே போனது. அப்புறம் தனி ஆவர்த்தனம். பாட்டும் வயலினும் நின்று, மிருதங்கமும் கடமும் மட்டும் மாறி மாறி வாசிக்கும் அந்த நேரத்தில் வயலின்காரர் பெட்டியிலிருந்து புதுத் தந்தியை எடுத்து மாட்டி, காதருகே வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டார். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. பக்கத்திலிருந்த மாமா முழங்கையால் இடித்துக் காட்டினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பாடகரின் கையை. மேடையில் பெரிய பெயர் அவருடையதுதான். ஆனால் தனி நடந்த அந்த இருபது நிமிடமும் தொடையில் தாளம் போட்டதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை. கணக்கு சிக்கலாகப் போன இடத்தில் மட்டும் கையைக் கொஞ்சம் உயர்த்தி, தாளத்தின் முதல் அடியான சமம் எங்கே விழுகிறது என்று காட்டினார். தனியை முடித்து வைக்கிற கோர்வை வாசித்து ஆனதும் பாட்டின் பல்லவியை எடுத்தார். இந்த வித்வான்கள் பெரும்பாலும் ஒத்திகை பார்ப்பதில்லை. அடுத்து என்ன ராகம் என்று வயலின்காரருக்குப் பாடகர் வாயைத் திறந்தால்தான் தெரியும். காதை நம்பித்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

மறுநாள் கூட்டத்தை டீக்குப் பிறகு மாற்றினேன். என்ன செய்யப் போகிறோம் என்று அவரவரே சொல்ல வேண்டும். நான் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். முதல் வாரம் சங்கடமான மௌனம். இரண்டாவது வாரம், அதுவரை வாயே திறக்காத ஒருவர் லேத்தில் பாகத்தைப் பிடித்துக்கொள்கிற சக் தேய்ந்திருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை எந்திரத்தருகே கூட்டிப்போய்க் காட்டினார். அளவு தப்பித் தப்பி வந்ததற்கு அதுதான் காரணம். நான் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

எவ்வளவு வளைவது என்றுதானே கேட்டீர்கள்? நாலரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறவர் அதே நாலரைக் கட்டையில்தான் பாடுவார். வயலினும் மிருதங்கமும்தான் அவருக்குச் சேரும். ஆனால் என்ன பாட்டு, எத்தனை நேரம், எந்த மொழி என்பதெல்லாம் சபையைப் பார்த்து மாறும். அளவு தப்பிய பாகம் வெளியே போகக்கூடாது என்பதில் நானும் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. யார் எந்த எந்திரத்தில் நிற்பது, எப்போது டீ குடிப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

மொழி விஷயத்தில் மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம். சென்னையிலிருந்து இங்கே வந்து பாடுகிறவர்கள் கடைசியில் கன்னடப் பக்திப் பாடலான ஒரு தேவர்நாமா பாடாமல் இறங்குவது அபூர்வம். 'ஜகதோத்தாரணா' என்று காபி ராகத்தில் எடுத்தவுடன் பந்தல் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும். அதை இயற்றிய புரந்தரதாசர்தான் நம் பிள்ளைகள் பாட்டு வகுப்பில் முதலில் படிக்கிற சரளி வரிசையையும் வகுத்தவர் என்பார்கள். நீங்கள் இன்னும் 'கன்னட கொத்தில்லா', கன்னடம் தெரியாது, என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எட்டுப் பேரும் தலையை மட்டும்தான் ஆட்டுவார்கள். நாளைக்கு 'ஊட்டா ஆயித்தா?', சாப்பாடு ஆச்சா, என்று ஆரம்பியுங்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஏப்ரலில் சாமராஜ்பேட்டை வருவதானால் முன்கூட்டிச் சொல்லுங்கள். பாடகர் தாளம் போடுகிற கை தெரிகிற மாதிரி இடம் பிடித்து வைக்கிறேன்.