ஃப்ரீ 190 எம்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தால் 'ஃப்ரீ' 190 எம்பி மட்டுமே என்கிறது. 'ஸ்டாண்ட்பை' 3 ஜிபிக்கு மேல். நண்பர் சொன்னார் என்று நினைவகத்தைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். பொத்தானை அழுத்தியதும் ஃப்ரீ ஏறுகிறது. ஆனால் பிரவுசர் சற்று நேரம் திணறுகிறது. ஏன்?

ரா.

அன்புள்ள ரா.,

முதலில் அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள். திணறலுக்குக் காரணம் அதுதான்.

விண்டோஸ் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் என்ன நிலையில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறது. மதிய நேரத்து மெஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் 'இன் யூஸ்'. சாப்பிட்டு முடித்தும் பில் கட்டாதவர் 'மாடிஃபைட்': அந்தப் பக்கத்தில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் வட்டில் எழுதப்படவில்லை, எழுதாமல் இடத்தைப் பிடுங்கினால் தரவு போய்விடும். பில் கட்டிவிட்டு அரட்டை அடிப்பவர்தான் உங்களைப் பயமுறுத்திய 'ஸ்டாண்ட்பை'. அவருடைய நகல் வட்டில் பத்திரமாக இருக்கிறது; வேறொரு நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் உடனே எழுந்துவிடுவார். யாரும் வராமல், அவருக்கே இன்னொரு கரண்டி ரசம் வேண்டியிருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும். வட்டு வரை போய்வர வேண்டியதில்லை. மூடிய நிரலை மறுபடி திறந்தால் சட்டென்று வருவது இதனால்தான்.

'ஃப்ரீ' என்பது ஆள் எழுந்துபோன மேசை. ஆனால் ஆள் போனதும் மேசை தயாராகிவிடாது, துடைக்க வேண்டும். போன நிரலின் கடவுச்சொல் அடுத்த நிரலின் கண்ணில் படக் கூடாதே! அதனால் கணினி ஓய்ந்திருக்கும் நேரத்தில் விண்டோஸ் அந்தப் பக்கங்களைப் பூஜ்யங்களால் நிரப்பி வைக்கிறது. மற்ற எல்லா வேலைகளுக்கும் வழிவிட்டுக் கடைசியில் நடக்கும் வேலை அது. (எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.) ரிசோர்ஸ் மானிட்டர் துடைத்ததையும் துடைக்காததையும் சேர்த்தே ஃப்ரீ என்கிறது.

உங்கள் மென்பொருளோ சாப்பிடுகிறவர்களைப் பாதி இலையில் எழுப்பிவிட்டு, "பாருங்கள், கடை காலி" என்கிறது. எழுப்பப்பட்ட பிரவுசர் தன் பக்கங்களைத் திரும்பத் தேடிப் பிடிக்க வேண்டும், பலவற்றை வட்டிலிருந்து. நானும் இப்படியொன்றை வைத்துக்கொண்டு, எண் ஏறுவதைப் பார்த்து ஒரு வருடம் மகிழ்ந்தவன்தான்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் 'அவைலபிள்'. ஸ்டாண்ட்பையும் ஃப்ரீயும் சேர்ந்தது அது. உங்களுக்கு 3 ஜிபிக்கு மேல் இருக்கிறது. அது இருநூறு எம்பிக்கு இறங்கி, 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' (நினைவகத்தில் இல்லாத பக்கத்தை வட்டிலிருந்து எடுத்துவர வேண்டிய தடவைகள்) கோடும் இறங்காமல் நின்றால் எழுதுங்கள். 16 ஜிபிக்கு மாறுவதைப் பற்றி அப்போது பேசலாம்.