"அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்ளோ காசா?" – வயரிங் தொழில் கேள்வி பதில்

கஸ்டமரோட நடக்குற பிரச்சனைய பத்தி எழுதுங்கனு கேட்டதும் லெட்டர் குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது, அதுல அஞ்ச எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, திருப்பூர் பக்கம் 9 வருஷமா சர்வீஸ் வேலை பாக்குறேன். போன வாரம் ஒரு வீட்ல ஃபேன் சுத்தலனு கூப்டாங்க, 7 கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு போனேன், கண்டன்சர் (ஃபேன கிளப்பி விடுற சின்ன பார்ட்) போயிருந்துச்சு, மாத்திட்டு 350 கேட்டேன். "கடையில அது அறுவது ரூவா, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு இவ்ளோ கேக்குறியே, பகல் கொள்ளையா இருக்கே"னு பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடியே சொல்லிட்டு 200 தான் குடுத்தாங்க. காசு போனா போகுது அண்ணே, அந்த வார்த்தை தான் ரெண்டு நாளா தூங்க விடல.

பதில்: தம்பி, அந்த வார்த்தைய நானும் வாங்கியிருக்கேன், எவ்வளவு வலிக்கும்னு தெரியும். ஒன்னு மட்டும் யோசிச்சு பாருங்க. நீங்க ஃபேன் ரெக்கைய கையால லேசா ஒரு தள்ளு தள்ளி பாத்திருப்பீங்க, தள்ளுனா சுத்துது, தானா கிளம்ப மாட்டேங்குது, அப்ப காயில் நல்லாருக்கு கண்டன்சர் தான் போச்சுனு உங்களுக்கு ஒரே நொடியில புரிஞ்சிருக்கும். அந்த நொடிக்கு பின்னாடி 9 வருஷம் இருக்கு. ஆனா கீழ நின்னு பாக்குற அந்த வீட்டுக்காரங்களுக்கு தெரிஞ்சது ஏணில ஏறுனீங்க, இறங்குனீங்க, அவ்வளவு தான்.

அதனால இனிமே ரெண்டு பழக்கம் வெச்சுக்கோங்க. வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, "வந்து பாக்குறதுக்கு இவ்ளோ, அரை மணி நேர வேலை அதுலயே சேர்ந்துடும், சாமான் காசு தனி"னு. இத கேட்டுட்டு பத்துல ரெண்டு பேர் வேணாம்னு வெச்சிடுவாங்க, வெக்கட்டும், அங்க போயிருந்தா தான் சண்டை வந்திருக்கும். ரெண்டாவது, கழட்டுறதுக்கு முன்னாடி அவங்கள கூப்பிட்டு அந்த ரெக்கைய தள்ளி காட்டுங்க, மாத்துனப்புறம் பழைய கண்டன்சர அவங்க கையிலயே குடுத்துட்டு வாங்க. நான் பாத்த வரைக்கும் பேரம் பேசுற பாதி பேர் கஞ்சன் கிடையாது, ஏமாந்துடுவோமோன்னு பயப்படுறவங்க.

கேள்வி: நாகர்கோவில்ல இருந்து எழுதுறேன். ஒரு வீட்ல மழை பெஞ்சாலே இஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா தானா வெட்டுற சுவிட்ச்) ட்ரிப் ஆகுது. மூணு தடவை போயாச்சு. வீட்டுக்காரர், "நீ போட்டது டூப்ளிகேட் சாமான், அத தூக்கி எறிஞ்சிட்டு டைரக்ட் பண்ணி குடு, இல்லன்னா பாக்கி காசு கிடையாது"னு சொல்றார். பண்ணிடலாமா?

பதில்: பண்ணாதீங்க. பாக்கி எவ்வளவா இருந்தாலும் சரி, பண்ணவே கூடாது.

வீட்டுக்கு நாம போடுற இஎல்சிபி 30 மில்லியாம்ப். போற கரண்டுக்கும் திரும்பி வர்ற கரண்டுக்கும் அந்த அளவு வித்தியாசம் வந்தா வெட்டிடும். அது ட்ரிப் ஆகுதுன்னா கரண்ட் எங்கயோ வழி தவறி போயிட்டு இருக்கு, சுவத்து வழியாவோ தண்ணி வழியாவோ. டைரக்ட் பண்ணிட்டா அடுத்த தடவை அது ஒரு மனுஷன் உடம்பு வழியா போகும், அப்ப தடுக்க அங்க ஒன்னும் இருக்காது. அன்னைக்கு உங்க பேர தான் சொல்லுவாங்க, நீங்களும் சாகுற வரைக்கும் அத மறக்க மாட்டீங்க.

எனக்கும் இப்படியே ஒரு வீடு மாட்டுச்சு. ராத்திரி மழை வந்தா வீடே இருட்டு, அவர் என்னைய வாய்க்கு வந்தபடி திட்டுவார். நாலாவது தடவை போனப்ப ஒரு முடிவோட போனேன், சுவிட்ச அவர் கையாலயே போட வெச்சேன். "சார், எம்சிபி (ஒவ்வொரு லைனுக்கும் தனியா இருக்குற சுவிட்ச்) எல்லாத்தையும் நீங்களே ஆஃப் பண்ணுங்க, இப்ப இஎல்சிபிய தூக்குங்க"ன்னேன். தூக்குனார், கொஞ்ச நேரத்துல மறுபடி விழுந்துடுச்சு. எம்சிபி எல்லாம் ஆஃப்ல இருந்தும் விழுதுன்னா பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பி போற வயர்) எர்த்த தொட்டுட்டு இருக்கும், ஏன்னா சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸ (கரண்ட் வர்ற வயர்) மட்டும் தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே நிக்கும். மெயின ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல் பார்ல இருந்து ஒவ்வொரு வயரா கழட்டி மெகர் (வயர்ல கசிவு இருக்கானு காட்டுற மீட்டர்) வெச்சு பாத்தேன், எல்லாம் நல்லா காட்டுச்சு, கேட் லைட்டுக்கு போற வயர்ல மட்டும் முள்ளு ஏறவே இல்ல. ரெண்டு பேருமா போய் அந்த லைட் மூடிய திறந்தோம். உள்ள ஒரு டம்ளர் தண்ணி இருக்கும், எறும்பு மண்ணு கட்டி, நியூட்ரல் ஜாயின்ட் டேப் ஊறி, அந்த இரும்பு பாடியில ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த கேட்ட தான் அவர் பேத்தி தினமும் ஸ்கூல் விட்டு வந்து தள்ளிட்டு வருவா. அவர் ஒன்னும் பேசல, உள்ள போய் தண்ணி கொண்டு வந்து குடுத்தார். பாக்கியும் அன்னைக்கே வந்துச்சு.

நீங்களும் வெளிய இருக்குற பாயிண்ட்ட மொதல்ல பாருங்க, கேட் லைட், காலிங் பெல், மொட்டமாடி லைட், மோட்டார். எல்லாத்தையும் காட்டியும் டைரக்ட் தான் வேணும்னு நின்னார்னா, "இது பாதுகாப்பு இல்லைனு சொல்லிட்டேன், நான் செய்யல"னு தேதி போட்டு வாட்ஸப்ல அனுப்பிட்டு கிளம்பிடுங்க.

கேள்வி: மதுரை பக்கம். என் வீட்டுக்காரர் வயரிங் காண்ட்ராக்ட் எடுத்து செய்யுறார். ஒரு வீடு 1,40,000க்கு பேசி முடிச்சு குடுத்தாச்சு, கிரகப்பிரவேசம் முடிஞ்சு எட்டு மாசம் ஆகுது, 45,000 இன்னும் நிக்குது. கேட்டா "டூ வே சுவிட்ச (ஒரே லைட்ட ரெண்டு இடத்துல இருந்து போடுறது) ரெண்டு பாயிண்ட்டா போட்டுட்ட, கணக்கு தப்பு"ங்கிறாங்க. இவர் போய் எம்சிபி எல்லாத்தையும் கழட்டிட்டு வரேன்னு நிக்கிறார்.

பதில்: தங்கச்சி, மொதல்ல அவர நிறுத்துங்க. சுவத்துல மாட்டுனது இப்ப அவங்க வீட்டு சாமான், போய் கழட்டுனா கேஸ் உங்க மேல திரும்பிடும்.

கையில என்ன இருக்குனு பாருங்க, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸப் பேச்சு, கடை பில், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ. எல்லாத்தையும் சேத்து வெச்சு பாக்கி கணக்க ஒரு பேப்பர்ல எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. அசையலன்னா உங்க தாலுகா கோர்ட்ல வட்ட சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், அங்க மனு குடுத்தா கேஸ் போடுறதுக்கு முன்னாடியே லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) ரெண்டு பக்கத்தையும் கூப்பிடுவாங்க, கோர்ட் ஃபீஸ் கிடையாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அது கோர்ட் தீர்ப்பு மாதிரி தான், அப்பீலும் இல்ல. அவங்க வரலன்னா சிவில் கேஸ் தான், செஞ்ச வேலைக்கு கூலி கேக்க பொதுவா வேலை முடிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம் டைம். எட்டு மாசம் தானே ஆச்சு, பயப்படாதீங்க, அதுக்காக தள்ளியும் போடாதீங்க.

அடுத்த வேலைக்கு ஒன்னு சொல்றேன். பாயிண்ட் ரேட் (லைட், ஃபேன், ப்ளக்னு எண்ணி போடுற ரேட்) பேசும்போதே எது பாயிண்ட்னு எழுதிடணும். டூ வே ஒன்னா ரெண்டா, போர்டுலயே வர்ற 5 ஆம்ப் ப்ளக் சேருமா சேராதா, பூச்சு முடிஞ்சப்புறம் "இங்கயும் ஒன்னு வேணும்"னா அதுக்கு என்ன ரேட். காசும் அப்படி தான், ரூஃப் பைப்புக்கு ஒரு பங்கு, சுவர் கட்டிங் பாக்ஸ் முடிஞ்சா ஒரு பங்கு, வயர் இழுத்தா ஒரு பங்கு, ஃபிட்டிங்ஸ்க்கு முன்னாடி மிச்சத்துல பெரும்பகுதி வந்துடணும். கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம்னு விட்ட காசுல பாதி கடனாவே நின்னுடுது, சாப்பாட்டுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் குடுத்தது போக நம்ம ஞாபகம் அவங்களுக்கு வராது.

கேள்வி: சாமான் நானே வாங்குறேன்னு சொல்லி மட்டமான வயர் வாங்கிட்டு வர்றாங்க, என்ன பண்றது?

பதில்: வயர் மேலயே ஐஎஸ் 694னு (வயருக்கான இந்திய தர நம்பர்) அச்சு இருக்கானு அவங்க முன்னாடி பாருங்க, ஏசிக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), பவர் ப்ளக்குக்கு 2.5னு அளவையும் எழுதியே குடுங்க. அச்சே இல்லாத வயர்னா நான் இழுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க.

கேள்வி: நான் வயர்மேன் இல்ல, தாம்பரத்துல இருக்குற ஒரு குடும்பத்தலைவி. எல்லாரும் கஸ்டமர தான் குறை சொல்றீங்க. எங்க வயர்மேன் "நாளைக்கு வரேன்"னு சொல்லி 11 நாள் ஆச்சு, போனே எடுக்க மாட்டேங்குறார். பாத்ரூம் பக்கத்து ப்ளக்ல லேசா ஷாக் வேற அடிக்குது.

பதில்: அம்மா, நீங்க சொல்றது முழுக்க நியாயம். நம்ம ஆளுங்க மூணு சைட்ட ஒன்னா ஒத்துக்கிட்டு எங்கயும் போக முடியாம போன ஆஃப் பண்றாங்க, "இந்த வாரம் முடியாது, வேற ஆள பாத்துக்கோங்க"னு சொல்ல வாய் வர மாட்டேங்குது. இத படிக்கிற தம்பிங்க தயவுசெஞ்சு அந்த ஒரு வார்த்தைய சொல்லிடுங்க, கஸ்டமர் நம்ம மேல நம்பிக்கை இழக்குறது இங்க தான் ஆரம்பிக்குது.

உங்க வீட்டு விஷயம் காத்திருக்குற விஷயம் இல்லம்மா. அந்த ப்ளக்குக்கு போற எம்சிபிய இப்பவே ஆஃப் பண்ணுங்க, எதுனு தெரியலன்னா மெயினயே ஆஃப் பண்ணிடுங்க, ஈரக்கையோட அந்த பக்கம் யாரும் போக வேணாம். இன்னைக்கே வேற வயர்மேன கூப்டுங்க, வந்ததும் எர்த்த செக் பண்ண சொல்லுங்க, இஎல்சிபி இருந்தா அதுல டெஸ்ட் பட்டன் வேலை செய்யுதானும் பாக்க சொல்லுங்க.