கருமணலில் தொடங்கலாமா?

கேள்வி: எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கனிமம் சேகரிக்கக் கற்றுத்தர ஆசை. மணவாளக்குறிச்சி கருமணலில் தொடங்கலாமா?
- வாசகி, களியக்காவிளை

பதில்: கருமணல் வேண்டாம், சகோதரி. இல்மனைட், கார்னெட்டோடு தோரியம் உள்ள மோனசைட்டும் அதில் கலந்திருக்கிறது. கதிரியக்கக் கனிமம்; வீட்டில் அள்ளி வைக்கும் பொருளல்ல.

வெங்கச்சங்கல்லும் மார்பிள் கடையில் கிடைக்கும் வெள்ளைத் துண்டும் போதும். இரண்டையும் இரும்பு ஆணியால் கீறச் சொல்லுங்கள். மார்பிள் என்பது கால்சைட், 1 முதல் 10 வரையான மோஸ் அளவில் கடினம் 3, பள்ளம் விழும். வெங்கச்சங்கல் குவார்ட்ஸ், கடினம் 7; விழாது. ஆனால் ஆணியின் இரும்பு அதில் ஒட்டிச் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும், பிள்ளைகள் ‘கீறிடுச்சு’ என்பார்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, நகத்தால் தடவிப் பார்க்கட்டும். பள்ளம் தட்டுப்படாவிட்டால் அது ஆணியின் தடம்தான். இந்த ஒரு சோதனையை அவர்களே செய்து பார்க்க விடுங்கள். விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள், ஆர்வம் பிறப்பதே அங்கேதான்.

10 மடங்கு லென்ஸை முதலில் கண்ணருகே வைத்து, பிறகு கல்லை நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். பலரும் லென்ஸைக் கல்லின் மேல் பிடித்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

கல்லில் சிறு பெயின்ட் பொட்டு வைத்து, அதன்மேல் எண் எழுதுங்கள். இடம், தேதி நோட்டில் இருக்கட்டும். சீட்டு மட்டும் வைத்தால் பெட்டியில் கலந்துபோகும். எங்கே எடுத்தது என்று தெரியாத கல்லுக்குச் சேகரிப்பில் மதிப்பில்லை.