எரிமலை: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ஹவாயில் எரிமலைக் குழம்பு ஓடுவதைச் சுற்றுலாக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பிலிப்பைன்ஸில் என்றால் ஊரையே காலி செய்கிறார்கள். ஏன்?

பதில்: குழம்பில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) எவ்வளவு, வாயு எவ்வளவு என்பதுதான் விஷயம். ஹவாயின் கிலாவேயா எரிமலை கக்குவது பசால்ட் என்ற வகைக் குழம்பு. சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம்தான். 1,150 டிகிரி சூட்டில் இளகி ஓடும், வாயுவும் சுலபமாகக் கழன்றுவிடும். பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலையில் சிலிக்கா அதிகம், குழம்பு கெட்டி. வாயு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ரசம் கொதித்தால் குமிழி சும்மா உடையும்; களி கொதித்தால் பொட்டென்று கையில் தெறிக்கும் அல்லவா, அதேதான். 1991 ஜூன் 15 அன்று பினடுபோவின் சாம்பல் சுமார் 35 கிலோமீட்டர் உயரம் போனது. அதற்காகக் கிலாவேயாவைச் சாது என்று எண்ண வேண்டாம். 2018இல் சுமார் 700 வீடுகளை விழுங்கியது.

கேள்வி: அந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரியா?

பதில்: இல்லவே இல்லை. எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல அது. வாயு விரிந்து குழம்பைச் சுக்குநூறாக்கும்போது உண்டாகும் கண்ணாடித் துகளும் பாறைத் துகளும்தான். 2 மில்லிமீட்டருக்கு உட்பட்டதைச் சாம்பல் என்கிறோம்; 64க்கு மேல் போய், உருகிய நிலையில் பறந்து வந்தால் அது ‘குண்டு’. நுண்ணோக்கியில் வைத்தால் சாம்பல் துகள் முனை முனையாக இருக்கும், உடைந்த குமிழியின் வளைவுகூடத் தெரியும். தண்ணீரில் கரையாது, நனைந்தால் கனக்கும். பினடுபோ வெடித்த அன்றே யுன்யா புயலும் வந்தது. ஊறிய சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை இடிந்து செத்தவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஸ்ட்ரோம்போலி எந்த ரகம்?

பதில்: நடுவாந்தரம். இத்தாலியின் அந்தத் தீவு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தீக்கற்களை வீசும், அப்புறம் ஓயும். எப்போதாவது கணக்கு தப்பும். 2019 ஜூலையில் பெரிதாக வெடித்து, மலையேறப் போன ஒருவர் இறந்தார்.

கேள்வி: சார், ஓடித் தப்பிக்க முடியுமா?

பதில்: குழம்பிடமிருந்து பெரும்பாலும் நடந்தே தப்பலாம். காங்கோவின் நைராகொங்கோ விதிவிலக்கு. தப்ப முடியாதது, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் ஒன்றாகச் சரிவில் பாய்ந்து வருவது. 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவின் பெலே மலை செயின்ட் பியர் நகரைச் சில நிமிடங்களில் முடித்தது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர்.

கேள்வி: பனி மூடிய எரிமலை?

பதில்: 1985 நவம்பர் 13, கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ். வெடிப்பு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் உச்சிப்பனி உருகி, சேறாகத் திரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கியது. அர்மேரோவை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஊர் சேற்றின் பாதையில் இருப்பதைக் காட்டும் வரைபடமும் ஒரு மாதம் முன்பே வந்திருந்தது. இருந்தும் 20,000 பேருக்கு மேல் போனார்கள். எனக்கு மனசே ஆறாத வெடிப்பு இது.